வலைக்கயிற்றில் தொங்கிய சாக்ஸபோன்

என் வீட்டு முன்கதவோடு, சாவிகள் மாட்டுகிற ஆணியில் ஒரு கயிறு தொங்குகிறது. வலை முடிகிற நைலோன் நூலை மூன்று புரியாகப் பின்னிய கயிறு. முனையில் சின்னதாக ஒரு பித்தளைக் கொளுக்கி. பச்சைக் கயிறு என்று நான் சொல்வேன். இப்போது பார்க்கிறவர்களுக்கு அது சாம்பல் நிறமாகத்தான் தெரியும். கழுத்துப் பட்ட இடம் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. ஆட்டுக் கயிற்றை ஏன் இங்கே மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. “ஓம், உலகம் சுத்தின ஆடு ஒண்டு கட்டிக்கிடந்த கயிறு” என்பேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், பென்ஷன் எடுத்த பிறகு ரீச்சருக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் தேத்தண்ணியைக் குடிப்பார்கள்.

அந்தக் கயிற்றில் தொங்கியது ஒரு சாக்ஸபோன். அதை ஊதியவன் என் மச்சான், என் தாய்மாமனின் மகன். ஒல்லாந்திலும் பிரான்சிலும் அவனைப் பெரிய ஜாஸ் கலைஞன் என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் மட்டக்களப்பைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் தெரியும். வாவியில் மீன் பாடும் என்பது. ஆகவே அந்த மீன்களிடம்தான் மச்சான் இசை கற்றான் என்று தவறாமல் எழுதிவிடுவார்கள். மீன் அவனுக்கு ஒரு மண்ணும் சொல்லிக் கொடுக்கவில்லை. வலையில் பட்ட மீனைக் கழற்றத் தெரியாமல் கையைக் கிழித்துக்கொள்கிறவன் அவன். அவன் இசை வந்த இடம் வேறு. அதை எழுதக்கூடியவர்களில் நான் ஒருத்திதான் ஓய்வாக இருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

கல்லாற்றுப் பக்கம், ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கிற எங்கள் ஊரில் எல்லோரும் ஏதாவது ஒரு சேரியில் பிறக்கிறோம். சேரி என்றால் எங்கள் பக்கத்தில் கட்சி. வடசேரி, தென்சேரி என்று இரண்டு. தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி. கலியாணம் கட்டினாலும் மாறாது, கடல் கடந்தாலும் மாறாது. கண்ணகை அம்மன் சடங்குக் காலத்தில் இரண்டு சேரியும் வளைந்த மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. தோற்ற சேரிதான் அடுத்த முறைக்கான கயிற்றைத் திரித்துக் கொடுக்கவேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். கொம்பு முறிகிறவரை வாயை மூடிக்கொண்டு இருப்பார்களா? ஒரு சேரி மற்றச் சேரியை நாலு வரியில் வசை பாடும். மற்றச் சேரி அதே மெட்டில் நாலு வரி திருப்பிப் பாடவேண்டும். கோபப்படக் கூடாது, சிரித்தபடி வாங்கவேண்டும், சிரிக்கும்படி கொடுக்கவேண்டும். பதில் பாட ஆளில்லாமல் ஒரு சேரி விழிப்பதைவிடப் பெரிய மானக்கேடு ஊரில் கிடையாது.

வடசேரியின் வாய் என் மாமா. வாவியில் வலை வீசுகிறவர். தென்சேரியின் வாய் என் அப்பா. வட்டையில் வயல் செய்தவர். மாமாவின் தங்கையைத்தான் அப்பா கட்டியிருந்தார். ஆகவே சடங்குக் காலம் வந்தால் எங்கள் வீட்டில் அடுப்படி வடசேரி, முன் அறை தென்சேரி. அம்மா சோற்றைக் கொண்டுவந்து வைக்கும்போதே ஒரு குத்து வைப்பார், அப்பா கறியைப் பிசைந்தபடியே திருப்பிக் கொடுப்பார். நானும் மச்சானும் வளர்ந்தது இந்தச் சத்தத்துக்குள்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் இருவருக்கும் இதே வேலை. “வடசேரி மச்சானுக்கு வாயெல்லாம் வீரம், வள்ளத்தில ஏத்திவிட்டா காலெல்லாம் ஈரம்” என்று நான் ஒருமுறை பாடியதற்கு அவனால் பதில் கட்ட முடியவில்லை. பள்ளி வாசல்வரை உதட்டைக் குவித்துச் சீட்டியடித்துக்கொண்டே வந்தான். அந்தச் சீட்டி என் பாட்டைவிட நன்றாக இருந்தது என்பதை அப்போது நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் நேரில் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முறைப்பெண் என்பதால் எங்கள் இருவரையும் சேர்த்துவைத்துப் பேசாத வாய் ஊரில் இல்லை. மாமி ஒருநாள் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். “குழல் ஊதுறவருக்கு அடுப்பு ஊதவோ நான் படிச்ச?” என்றேன். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் ஆரையம்பதி ஆள் ஒருவரைக் கட்டினேன். அவரும் நல்ல மனிதர், சாக்ஸபோன் ஊதாதவர்.

மச்சான் குழல் ஊதுகிறவன் ஆனதற்குக் காரணம் மட்டக்களப்பு டவுனில் மரவேலைப் பட்டறை வைத்திருந்த, போர்த்துக்கேய வழிவந்த ஒரு பறங்கியர். எங்களுக்கு அவர் ஓடாவியார். வலைத்தொழில் சரிவராது என்று மாமா மகனை அவரிடம் வேலைக்கு விட்டிருந்தார். பறங்கியர் கலியாண வீடுகளில் வயலினும் மேளமும் சாக்ஸபோனுமாக வாசிக்கிற ஒரு கூட்டம் ஓடாவியாருக்கு இருந்தது. அவுஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது அந்தச் சாக்ஸபோனை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனார். வயது போன உடம்புக்கு மூச்சுப் போதவில்லை, யாராவது ஊதினால் சரி என்றாராம். குழல் இருந்தது, அதைக் கழுத்தில் தொங்கவிடுகிற பட்டி இல்லை. அது இல்லாமல் அவ்வளவு பாரத்தையும் விரலில் தாங்கி ஊத முடியாது. மாமா வீட்டில் வலை முடிந்து மிஞ்சிய பச்சை நூல் கிடந்தது. நான் எடுத்துப் பின்னினேன். பட்டறையில் கிடந்த அலுமாரிக் கொளுக்கி ஒன்றை அவன் முனையில் கட்டினான். கழுத்தை அறுக்கும் என்று சொன்னேன். “உன்ட வாயவிடவா அறுக்கும்?” என்று கேட்டான்.

அந்த வருடச் சடங்கில்தான் அவன் ஒரு பெரிய பிழையை விட்டான். பின்னேரம், இரண்டு பக்கமும் சனம். அப்பா தென்சேரிப் பக்கம் நின்று, வடசேரி வலையில் மீன் விழாமல் தவளை விழுந்த கதையைப் பாடினார். நல்ல பாட்டு, வடசேரிக்காரரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு பதிலுக்கு முன்னால் வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன் மச்சான் பாய்ந்துவந்து சாக்ஸபோனைத் தூக்கி ஊதினான். அதே மெட்டு, அதே நாலு வரி. கடைசி வரியில் சத்தத்தை மேலிருந்து வழுக்கிக் கீழே விட்டான். தவளை தண்ணீருக்குள் குதித்தது எல்லோருக்கும் கேட்டது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நான் தென்சேரி என்பதால் உதட்டைக் கடித்து அடக்கினேன். அப்பா கையைத் தூக்கினார்.

“இதுல வார்த்தை எங்க? வார்த்தை இல்லாத வசை ஒரு வசையா? வடசேரிக்குப் பதில் இல்லை!”

ஒரு பாட்டுக்கு ஒரு பதில்தான். வடசேரியின் முறை மகனோடு போய்விட்டது. மாமா பாடாமலே பின்னால் போனார். போதாததற்கு, சிறிது நேரத்தில் வடசேரியின் கொம்பும் முறிந்தது. மரம் முறிந்ததற்கும் மச்சான் ஊதியதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அன்றைக்கு அதை யாராவது வடசேரிக்காரரிடம் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்! இழுத்த தோள்களையும் பிடித்த கைகளையும் விட்டுவிட்டு ஊதியவனின் வாய்க்குத்தான் எல்லோரும் பழி போட்டார்கள். மாமா அவனை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நானும் அங்கே நின்றேன்.

“உனக்குப் பதில் சொல்ல இந்த ஊருல ஒருத்தனும் இல்ல மனே. பதில் வராத பாட்டு என்ன பாட்டு?”

அதற்குப் பிறகு மகனின் குழலைப் பற்றி மாமா வாயே திறக்கவில்லை. மழை பேசினார், மீன் விலை பேசினார், அவன் கலியாணத்தையும் பேசினார். குழலைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. ஏசினால் திருப்பி ஏசலாம். பேசாமல் இருக்கிற மனிதரை என்ன செய்வது? சோறு போட்டுத் தண்ணீர் தராதது போல இருக்கிறது என்று மச்சான் என்னிடம் சொன்னான்.

பிறகு அவன் துபாய்க்குப் போனான். போனது ஓடாவியாகத்தான், ஒரு ஹோட்டலில் கதவு, கட்டில், அலுமாரி திருத்துகிற வேலை. சாமான்களோடு சாக்ஸபோனும் போனது. தங்குமிடத்தில் மற்றவர்கள் படுக்கவேண்டும் என்பதால், துணி மாட்டுகிற அலுமாரிக்குள் முகத்தை விட்டு ஊதிப் பழகினானாம். ஒருநாள் ஹோட்டல் மேடையில் பெயர்ந்துபோன பலகைக்கு ஆணி அடிக்கப் போன இடத்தில், பிலிப்பைன்ஸ்காரர்களின் இசைக்குழு ஒன்று பழகிக்கொண்டிருந்தது. ஆணி அடிப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றான். அவர்களுடைய சாக்ஸபோன்காரர் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, பியானோ வாசிக்கிறவர் இவனைக் கூப்பிட்டார். ஆள் கிடைக்காத கொடுமைக்கு ஓடாவியைக் கூப்பிட்டார்கள் என்று அவனே சொல்வான். முதல் மாதம் முழுக்க அவன் ஊதியது கேட்கச் சகிக்காமல் இருந்ததாம்.

ஜாஸ் எப்படிப்பட்டது என்று அவன் எனக்கு விளங்கப்படுத்தியதை இங்கே சொல்லவேண்டும். முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டின் எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு தன் மனம்போலச் சதை வைப்பார்கள். அதை அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே கட்டவேண்டும். எழுதிவைத்து வாசிக்க முடியாது. இவன் அதில் தடுமாறினான். மற்றவர்கள் வருடக்கணக்கில் படித்த சுரக்கணக்கு இவனுக்குத் தெரியாது. ஆனால் முடிவில் ஒரு விளையாட்டு வரும். ஒருவர் நாலு அடி வாசிப்பார், அடுத்தவர் அதைக் கேட்டு நாலு அடியில் பதில் வாசிக்கவேண்டும். திருப்பி அவர், திருப்பி இவர். ஒருநாள் எதிரே வாசித்த ட்ரம்பெட்காரர் புதியவனைச் சீண்ட, வேகமாகச் சிக்கலாக நாலு அடி ஊதி அவன் பக்கம் திரும்பினார். மச்சான் அதைக் கேட்டான். அந்தச் சிக்கலை அப்படியே வாங்கி, கடைசியில் தடுக்கி விழுகிற மாதிரி ஊதிக் காட்டினான். மேடையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ட்ரம்பெட்காரரும் சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு அவன் ஊருக்கு எடுத்த அழைப்பு எங்கள் பள்ளிக்கூடத்துத் தொலைபேசிக்கு வந்தது. பாடத்தை விட்டுவிட்டு ஓடினேன், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று.

“மச்சாள்! இஞ்ச இவங்க வசை பாடுறாங்க! வார்த்தையே இல்லாமப் பாடுறாங்க! எனக்குப் பதில் வந்திச்சு மச்சாள், பதில் வந்திச்சு!”

அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வகுப்புக்குத் திரும்பிப் போனபோது பிள்ளைகள் யார் ரீச்சர் செத்தது என்று கேட்டார்கள்.

அங்கிருந்து அவன் ஏறிக்கொண்டே போனான். படித்தான், எப்படிப் படித்தான் என்றால், முப்பது கடந்த வயதில் சின்னப் பிள்ளைகளோடு இருந்து சுரம் எழுதப் படித்தான். உல்லாசக் கப்பலில் வாசித்தான். ஒல்லாந்தர் கோட்டை நிற்கிற பக்கத்தில் இருந்து ஒல்லாந்துக்கே போய் வீடு எடுத்து, அங்கே தன் பெயரில் குழு வைத்தான். அவனோடு வாசிக்கப் பெரிய பெரிய ஆட்கள் வந்தார்கள். பதில் ஊதுவதில் அவனை மடக்க ஆள் இல்லை என்று பேர் வந்தது. ஒரு விழாவில் அமெரிக்காவில் இருந்து வந்த கிழட்டு ட்ரம்பெட் மேதை ஒருவர் அவனோடு மாறி மாறி ஊதி, ஒரு கட்டத்தில் ட்ரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அந்தக் காட்சி பிறகு என் கைபேசிக்கும் வந்தது. மேடை விளக்கில் மச்சானின் கோட்டும் மினுங்குகிறது, குழலும் மினுங்குகிறது, நடுவே ஆட்டுக் கயிறு. நல்ல தோல்பட்டி வாங்கிக் கொடுத்தவர்கள் பலர். அவன் மாற்றவில்லை. கழுத்தில் கயிறு அறுத்த அடையாளம் ஒரு கோடாகவே விழுந்துவிட்டது.

கைபேசியை எடுத்துக்கொண்டு நேரே மாமாவிடம் போனேன். அவர் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார். முகத்துக்கு முன்னால் பிடித்தேன். ட்ரம்பெட்காரர் கும்பிடுகிற இடம் வரைக்கும் பார்த்தார். பிறகு, “மீன் வாங்க ஆள் வந்திரிக்கு” என்று எழும்பிப் போனார். யாரும் வந்திருக்கவில்லை. மச்சான் முதல் இசைத்தட்டுக்கு ‘வடசேரி’ என்றே பேர் வைத்தபோதும் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அட்டைப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “கயிறு நைஞ்சு போச்சு” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஈயக் குண்டுகளை வாவியில் கொட்டியிருப்பேன். மாமி இறந்தபோது மச்சான் வந்தான். குழல் இல்லாமல் வந்தான். தகப்பனும் மகனும் சேர்ந்து கூரைக்கு ஓலை மாற்றினார்கள், வேலி அடைத்தார்கள், ஒரே பாயில் படுத்தார்கள். அந்தப் பேச்சு மட்டும் இல்லை. விமானம் ஏறப் போகும்போது மச்சான் என்னிடம் சொன்னான்: “எல்லா ஊரும் எனக்குப் பதில் சொல்லிற்று மச்சாள். இந்த ஒரு மனுசன்தான் மிச்சம்.”

பிறகு அப்பாவும் போய்விட்டார். தென்சேரிக்கு அந்த வாய் இல்லாமல் போனது. பாட இளைஞர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே பாடுகிறார்கள். ஆனால் கேட்ட மாத்திரத்தில் திருப்பிக் கொடுக்கிற நாக்கு எல்லோருக்கும் வாய்க்குமா?

போன வருடம் மச்சான் தன் குழுவோடு ஊருக்கு வந்தான். கொழும்பில் வாசித்துவிட்டு வந்தவனை டவுனில் பெரிய மண்டபத்தில் வாசிக்கக் கேட்டார்கள். அவன் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், வாவிக் கரையில் இருக்கிற மைதானம்தான் வேண்டும் என்றான். பள்ளி அதிபர் நான் படிப்பித்த பொடியன். காதைப் பிடிக்க வேண்டிய தேவை வரவில்லை, உடனே சம்மதித்தான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வந்து மேடை கட்டினார்கள். மாமாவைக் கூப்பிடப் போனேன். முழங்கால் நோவு, வரமாட்டேன் என்றார். முழங்காலுக்குத் தைலம் கொண்டுவந்தால் காது நோவு என்பார் என்று தெரியும். விட்டுவிட்டு வந்தேன்.

வெயில் தாழ்ந்த நேரம் சனம் வந்து இருந்தது. ஒருவரும் சொல்லாமலே வடசேரி வடக்குப் பக்கமும் தென்சேரி தெற்குப் பக்கமுமாக இருந்துவிட்டார்கள். நடுவில் ஒரு வண்டி போகிற அளவு வெறும் மணல். குழுவில் இருந்த வெள்ளைக்காரர்கள் அந்த இடைவெளியைப் பார்த்து, ஊருக்குள் ஏதாவது சண்டையா என்று பயந்தார்களாம். வாசிப்புத் தொடங்கியது. சனம் மரியாதையாகக் கேட்டது. மரியாதை என்றால், கலியாண வீட்டில் தெரியாத ஆட்கள் பேசும்போது தலையாட்டுவோமே, அந்த மரியாதை. உலகம் முழுக்க வென்றவன் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் தோற்றுப்போகப் போகிறான் என்று நினைத்தேன்.

அப்போது மச்சான் ட்ரம்ஸ்காரரோடு மாறி மாறி வாசிக்கத் தொடங்கினான். நாலு அடி அவன், நாலு அடி அவர். ட்ரம்ஸ்காரர் தடதடவென்று அதட்டினார். மச்சான் குழலில் நொண்டிக் காட்டினான். தென்சேரிப் பக்கம் இருந்து ஒரு பெண் சத்தமாகச் சொன்னாள்: “அடியேய், இது வசை புள்ள! அவன் மேளக்காரன நக்கல் அடிக்கிறான்!” அவ்வளவுதான், மைதானமே நிமிர்ந்து இருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் கூச்சல். வடக்கும் தெற்கும் மாறி மாறிக் கத்தியது. ட்ரம்ஸ்காரர் வியர்த்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு மச்சான் குழுவை நிறுத்தினான். மேடையின் நுனிக்கு வந்து, தெற்குப் பக்கம் திரும்பி, தனியாக நாலு வரி ஊதினான். அப்பாவின் தவளைப் பாட்டுக்கு அன்று அவன் கொடுத்த அதே பதில். கடைசி வரியில் சத்தம் வழுக்கிக் கீழே விழுந்தது. ஊதிவிட்டுக் குழலைத் தாழ்த்திக்கொண்டு நின்றான். வயது போனவர்களுக்கெல்லாம் அது நினைவிருந்தது. அவன் தென்சேரியிடம் பதில் கேட்கிறான். எல்லோரும் எங்கள் பக்கம் பார்த்தார்கள். “ரீச்சர், நீங்க பாடுங்க, நீங்கதான் அவர்ட மகள்” என்று யாரோ என் முதுகைத் தள்ளினார்கள். எழும்பினேன். வாழ்நாள் முழுக்க அவனை வாய்க்கு வாய் மடக்கிய எனக்கு ஒரு வரிகூடக் கட்ட வரவில்லை. அப்பா இருந்தால் நிற்கிற இடம் வெறுமையாகக் கிடந்தது. பதில் இல்லாமல் அவன் மறுபடியும் நிற்கப் போகிறான்.

வடக்குப் பக்கம் கடைசியில், வேலி ஓரமாக, ஒருவர் எழும்பினார். மாமா. எப்போது வந்தார், யார் கூட்டிவந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. பொல்லை ஊன்றிக்கொண்டு நடந்தார். மேடைக்குத்தான் போகிறார் என்று வழி விட்டார்கள். அவர் மேடைப் பக்கம் திரும்பவில்லை. நடுவில் இருந்த மணலைக் கடந்து தென்சேரிப் பக்கம் வந்தார். எங்கள் ஊரில் பிறந்த எவரும் செய்யாத வேலை அது. என்னை விலக்கிவிட்டு, அப்பா நின்றிருக்கவேண்டிய இடத்தில் நின்று, மகனை நேரே பார்த்துப் பாடினார்.

“ஏழு கடல் தாண்டி எங்கெங்கோ போனவனே
என்னத்தைக் கொண்டுவந்தாய் எங்கட ஊருக்கு?
வாவியில நண்டு கட்டும் வலைக்கயிறு கழுத்தில
வளைஞ்சுபோன குழாய் ஒண்டு வயித்தில!”

இரண்டு சேரியும் ஒன்றாகக் கத்திய கத்தில் வாவியில் நின்ற கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. மச்சான் குழலை வாயில் வைக்கவில்லை, வைக்க முடியவில்லை. வாய் சிரிப்பில் விரிந்துபோய்க் குவியவில்லை. உலகத்தில் யாரும் இவ்வளவு சந்தோசமாக ஏச்சு வாங்கி நான் பார்த்ததில்லை. பிறகு மூச்சை இழுத்து ஊதினான். மாமாவின் நாலு வரியையும் வாங்கி, கிழவர் பொல்லூன்றி மணலில் நடந்துவந்த நடையை அதற்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தான். மாமா விடவில்லை. “கன்னம் உப்பி ஊதிறியே, கறியடுப்பு மூளுமா? காத்தெல்லாம் குடிச்சிட்டாய், பாய்வள்ளம் ஓடுமா?” என்று அடுத்ததை எடுத்தார். அவன் பாய்வள்ளத்தை ஓடவிட்டான், காற்று விழுந்து வள்ளம் நிற்பதையும் ஊதினான். இப்படியே போனது. பெரிய மேடைகளில் மேதைகளோடு அவன் வாசித்ததை எல்லாம் கைபேசியில் கேட்டிருக்கிறேன். இதற்குக் கிட்டவும் வராது.

ஒரு பாட்டில் மாமா இரண்டு வரி பாடினார், மூன்றாவது வரிக்கு வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. அவர் பொல்லை உயர்த்தினார்.

“முடிஞ்சிது. எனக்கு வார்த்தை முடிஞ்சிது. தென்சேரி தோத்துப் போச்சு!”

வடசேரிக்காரர் துள்ளினார்கள். தென்சேரிக்காரருக்குக் கொஞ்ச நேரம் குழப்பம். எங்கள் பேரில் வடசேரிக்காரர் வந்து பாடி, வடசேரிக்காரனிடமே தோற்று, மானம் எங்களுடையது போயிருக்கிறது! இது செல்லாது என்று இன்றும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதில் சேரவில்லை. மச்சான் மேடையில் இருந்து குதித்து ஓடிவந்து, குழல் நடுவில் இடிக்க இடிக்கத் தகப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

அடுத்தநாள் காலை மாமா வீட்டுக்குப் போனபோது அவர் புதுப் பச்சை நூலை மூன்று புரியாகப் பிரித்து வைத்துப் பின்னிக்கொண்டிருந்தார். மச்சான் பக்கத்தில் இருந்து பாலப்பம் தின்றுகொண்டிருந்தான். தோற்ற சேரிதான் கயிறு கொடுக்கவேண்டும், வழக்கம் வழக்கம்தான். இத்தனை வருடம் மனதில் வைத்திருந்ததை நான் கேட்டுவிட்டேன். ஏன் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை?

“என்னகா கேக்கிறாய்? அவன் என்ட சேரி. என்ட சேரிக்காரனுக்கு நான் எப்பிடிப் பதில் பாடுற? அது உன்ட அப்பன்ட வேல. அவன் அண்டைக்குக் கையத் தூக்கிப்போட்டு இருந்திட்டான். என்டைக்காவது பாடுவான் பாடுவான் எண்டு நானும் பார்த்தன். பாடாமலே செத்துப் போனான். மறுகா ஆர் இருக்கா?”

முடிச்சை இறுக்கிப் பல்லால் நூலை அறுத்தார். பதில் சொல்ல ஊரில் ஒருவனும் இல்லை என்று அன்று வாசலில் மாமா சொன்னதை அவனும் நானும் சாபமாகவே எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் சொன்னது உள்ளதை. தன்னால் பதில் பாட முடியாத இடத்தில் தன் பிள்ளை நிற்கிறான் என்ற துக்கம் அது. மாமா புதுக் கயிற்றை மகனின் கழுத்தில் போட்டு நீளம் பார்த்தார். மச்சான் பழையதைக் கழற்றி, “நீ பின்னின கயிறு, நீயே வைச்சிரு” என்று என் கையில் தந்தான்.

அதுதான் இப்போது ஆணியில் தொங்குகிறது. போன கிழமை ஒல்லாந்தில் இருந்து ஒரு காட்சி அனுப்பியிருந்தான். கறுப்புக் கோட்டின்மேல் புதுக் கயிறு இளம் நாற்று மாதிரிப் பச்சையாகத் தெரிந்தது. மாமா என் வீட்டுக்கு வந்து, அப்பாவின் கதிரையில் இருந்து, கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க உதடு அசைந்தது. முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார்.

“இதுக்கு ஒண்டு கட்டி வைச்சிரிக்கன்” என்றார். “அவன வரச் சொல்லு.”